கையிருப்பு நாட்கள்

சித்தி பதினெட்டாம் தேதி கிளம்புகிறாள் என்று அம்மா அண்ணனிடம் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். சித்தியின் விமானச் சீட்டை முந்தின நாள் என் கைபேசியில்தான் அம்மாவும் நானும் பார்த்திருந்தோம். அதில் இருபத்தெட்டு என்று இருந்தது. நான் தலையைத் தூக்கினேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே ஒரு தலையணை உறையை எடுத்து என் மடியில் போட்டாள். மடி, பேசாதே என்று அதற்கு அர்த்தம்.

அண்ணன் போனதும் கேட்டேன்.

“ஏம்மா பொய் சொன்ன?”

“பொய் இல்லடி. அவன் சொன்ன தேதிக்கு எந்த வேலை முடிஞ்சிருக்கு? குளியலறைக் குழாய் மாத்த மூணு நாள்னான். பதிமூணு நாள் பக்கத்து வீட்ல போய்க் குளிச்சோம். அதான் பத்து நாள் முன்னாடி சொல்லி வச்சேன்.”

“தெரிஞ்சா கோவிப்பான்.”

“லிஃப்ட் வந்தப்புறம் கோவிச்சுக்கட்டும். கீழ போய் நின்னு கேட்டுக்கறேன்.”

எங்கள் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் நின்று பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அம்மாவின் இரண்டு முழங்காலும் அதற்கு முன்பே நின்றுவிட்டன என்று சொல்லலாம். படி ஏறக் கூடாது, இறங்குவது ஏறுவதைவிட மோசம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, எதிர்க் கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தாள். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவள். தன் வீட்டு ஒரு மாடியை எப்படியோ சமாளிப்பாள், எங்கள் நாலு மாடி ஆகாது. நடுவில் இருந்த தெரு இருபது அடி அகலம். தினமும் ஆறு மணிக்கு இருவரும் அவரவர் பால்கனிக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்தபடி தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். சித்தி மேலே பார்த்துப் பேசுவாள், அம்மா கீழே பார்த்துப் பேசுவாள். நடுவில் லாரி போனால் இரண்டு பேரும் நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

இப்போது சித்தியை அவள் மகன் தன்னோடு வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்கிறான். திரும்பி வருவது மாதிரியான பயணம் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறாள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அதற்குள் ஒரு தடவை தங்கையின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஆளை வைத்து நாற்காலியோடு இறக்கிவிடலாம் என்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

“நான் என்ன பீரோவா, நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு?” என்றாள் அம்மா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பதினான்கு மாதங்களில் யாரும் வேறு வழி யோசிக்காததற்குக் காரணம் உண்டு. லிஃப்ட் எப்போதும் அடுத்த மாதம் வருவதாகவே இருந்தது. வராது என்று யாராவது ஒருவர் தெளிவாகச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏதாவது செய்திருப்போம்.

*

அண்ணன் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறான். இதுவரை ஒரு செங்கல்லையும் தொட்டதில்லை. எந்தச் செங்கல் எந்த வாரம் எந்தச் செங்கல்லுக்குப் பிறகு வர வேண்டும் என்பது அவன் பொறுப்பு. குடியிருப்போர் சங்கம் பழைய லிஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவதென்று முடிவு செய்ததும், வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். இது அம்மாவுக்காக என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று இரவுகளில் அறுபத்து மூன்று வேலைகள் கொண்ட ஒரு அட்டவணையைத் தயாரித்தான். அவனுக்கு அன்பு அப்படித்தான் வரும்.

அட்டவணை கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. வேலை எத்தனை நாளோ பட்டை அத்தனை நீளம். ஒன்று முடிந்தால்தான் மற்றது என்று இருப்பவை அம்புக்குறியால் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றில் எந்த வரிசை தாமதமானால் மொத்த லிஃப்ட்டும் தாமதமாகுமோ அந்த வரிசை சிவப்பு. மற்றவை நீலம். நீலம் கொஞ்சம் தள்ளிப்போனால் பரவாயில்லை.

“சிவப்பை மட்டும் கவனிச்சாப் போதும், நீலம் தானா நடக்கும்” என்று அண்ணன் எல்லாருக்கும் விளக்கினான். அன்றிலிருந்து கட்டடத்தில் அவனுக்கு ‘சார்ட் சார்’ என்று பெயர்.

தினமும் காலை எட்டு மணிக்குக் கூட்டம். எல்லாரும் நின்றுகொண்டே பேச வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு சுருங்கும் என்பது அதன் தத்துவம். சங்கச் செயலாளர் முதல் நாளே மடக்கு நாற்காலியோடு வந்தார். நான் பத்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். எட்டு மணிக்குப் பால் வாங்க இறங்கும்போது அவர்களைத் தாண்டித்தான் போவேன், அதனால் பெரும்பாலான கூட்டங்கள் எனக்கும் தெரியும்.

“நேத்து என்ன முடிஞ்சது, இன்னிக்கு என்ன, தடை ஏதாவது இருக்கா?” அண்ணன் தினமும் கேட்பது இந்த மூன்று கேள்விகள்தான்.

“தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது சார்” என்பார் லிஃப்ட் போடுகிறவர். லிஃப்ட் நிறுவனம் அனுப்பிய மெக்கானிக் அவர். நிதானமான மனிதர். லிஃப்ட் வரப்போகும் அந்தச் செங்குத்தான குழிக்குள் தலையை நீட்டி, கிணற்றுக்குள் இருப்பவரிடம் பேசுவதுபோலத் தனக்குத்தானே பேசிக்கொள்வார்.

“போன வாரமும் தொண்ணூறுதானே சொன்னீங்க?”

“அது போன வாரத்துத் தொண்ணூறு சார்.”

அண்ணன் அதைக் குறித்துக்கொள்வான்.

அம்மா சொன்ன பதினெட்டை அண்ணன் சங்கத்திடம் சொல்லவில்லை. உண்மையான தேதியை வேலை செய்பவர்களிடம் சொன்னால் அந்தத் தேதிக்கு முந்தின நாள்தான் வேலையைத் தொடங்குவார்கள் என்று அவன் தொழிலில் எல்லாருக்கும் தெரியுமாம். பத்து நாளைக் கையிருப்பாக ஒளித்துவைத்துக்கொண்டு, “எட்டாம் தேதி கடைசி” என்று செயலாளரிடம் சொன்னான். செயலாளர் முப்பது வருடம் ஒரு அலுவலகத்தை நடத்தியவர். அவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றாம் தேதி என்று லிஃப்ட் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டார்.

ஒன்றாம் தேதி வந்தது. போனது. எட்டாம் தேதியும் போனது. ஒன்பதாம் தேதி காலை மூன்றாவது மாடித் திருப்பத்தில் லிஃப்ட்காரர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குழிக்குள் தண்டவாளம் மட்டும் நின்றது. ஏறி இறங்க வேண்டிய பெட்டியைக் காணவில்லை.

“ஒண்ணாம் தேதியே முடிக்கணும்னு கடிதம் வந்துச்சாமே?” என்று கேட்டேன்.

“வந்துச்சும்மா. அதான் நிதானமா செய்யறேன்.”

“புரியல.”

அவர் டம்ளரைப் படியில் வைத்தார். “கடிதத்துல ஒண்ணுன்னா, செயலாளர் சார் மனசுல எட்டு. அவருக்கு எட்டுன்னு சொன்னா உங்க அண்ணன் மனசுல பதினெட்டு. அந்தப் பதினெட்டு அவருக்கு யாரு சொன்னா?”

“அம்மா.”

“அம்மாவும் ஒரு பத்து நாள் சேத்துச் சொல்லியிருப்பாங்க. படிச்ச பிள்ளையை வளத்தவங்க இல்லையா. இருபத்தெட்டுக்கு முடிச்சாப் போதும். முடிச்சிருவேன், கவலைப்படாதீங்க.”

நான் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த உலகத்தில் சித்தியின் விமானச் சீட்டைப் பார்க்காமலே அதில் உள்ள தேதியைச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.

*

பதினெட்டாம் தேதி காலைக் கூட்டத்தை அண்ணன் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு மேலே வந்தான். அம்மா சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தான். கையில் வழக்கமான கோப்பு இல்லை.

“முடியலம்மா” என்றான். “இன்னும் பெட்டியே வரல. சித்தி இன்னிக்குக் கிளம்பிடுவாங்க. என் கணக்கு எங்கயோ தப்பிடுச்சு.”

அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. கத்தியைக் கீழே வைத்தாள்.

நான் அம்மாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். இன்னும் பத்து நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் லிஃப்ட்காரர் சொன்னபடி முடித்துவிடுவார். ஆனால் பெற்ற மனசு அட்டவணை பார்ப்பதில்லை.

“அவ இன்னிக்குப் போகலடா” என்றாள். “இருபத்தெட்டாம் தேதிதான் போறா.”

அண்ணன் முகத்தில் நிம்மதி வருமென்று எதிர்பார்த்தோம். வரத்தான் செய்தது. அரை வினாடி இருந்தது. பிறகு அவனுடைய தொழில் விழித்துக்கொண்டது.

“எனக்குப் பொய்த் தேதி குடுத்தியா?”

“நீ ஊருக்கே குடுக்கற. நான் ஒருத்தனுக்குத்தானே குடுத்தேன்?”

“அது வேறம்மா, அது தொழில் முறை. நீ செஞ்சது ஏமாத்து!”

“பத்து நாள் கிடைச்சிருக்கு, அதைப் பாருடா.”

அவன் அதைப் பார்க்கவில்லை. நேராகக் கீழே போய்ச் செயலாளரை விசாரித்தான், பிறகு லிஃப்ட்காரரை விசாரித்தான். யார் யார் எத்தனை நாளை எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்ற முழு விவரமும் மதியத்துக்குள் வெளியே வந்தது. எல்லாப் பொய்களும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கடைசியில் சரியான நாளில் போய் நின்றதை நான் சுட்டிக்காட்டினேன். அண்ணன் என்னைக் கோபமாகப் பார்த்தான்.

“அது தற்செயல். தற்செயலை வச்சு லிஃப்ட் போட முடியாது.”

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவன் ஒரு புது முறையை அறிவித்தான். இனி யாரும் தனியாக நாள் ஒளிக்கக் கூடாது. அவரவர் வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் வேண்டுமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். மிஞ்சுகிற நாட்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, எல்லாருக்கும் தெரிகிறபடி அட்டவணையின் கடைசியில் வைப்பான். யாருக்காவது நிஜமாகவே தடங்கல் வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெயர், பொதுக் கையிருப்பு. பெரிய நிறுவனங்களில் இப்படித்தான் செய்கிறார்களாம்.

“உண்மையைச் சொல்லுங்க. இன்னும் எத்தனை நாள் வேலை?” என்று லிஃப்ட்காரரைக் கேட்டான்.

அவர் குழியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். “பெட்டி நாளைக்கு வருது. மாட்டி, வயரிங் முடிச்சு, ஓட்டிப் பாக்க அஞ்சு நாள் சார்” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை வேலை. அதற்குமேல் நான்கு நாள் மிச்சம். அட்டவணையின் வலது ஓரத்தில், எல்லாச் சிவப்பும் நீலமும் முடிகிற இடத்தில், பச்சை நிறத்தில் நான்கு கட்டங்கள் வந்தன. கட்டடத்திலேயே அழகான விஷயம் அதுதான். தபால் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று அதைப் பார்த்தார்கள்.

அன்று மாலை செயலாளர் வந்தார்.

“நாலு நாள் சும்மாதானே இருக்கு? லிஃப்ட்டுக்குள்ள ஒரு கண்ணாடி வச்சா என்ன? ஒரே நாள் வேலை.”

“அது திட்டத்துல இல்ல சார்.”

“அதான் கையிருப்பு இருக்கே. பச்சையா போட்டு வச்சிருக்கீங்க, கண்ணுலயே நிக்குது.”

ஒரு கட்டம் போனது. லிஃப்ட் கதவு சாம்பல் நிறமா, பழுப்பு நிறமா என்ற பேச்சு ஒன்றாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் இடையில் எழுந்து, வாக்கெடுப்பு வரை போய், சமமாக வந்து, மறுநாள் மறுபடி நடந்தது. இன்னொரு கட்டம். கடைசி இரண்டு கட்டங்களை எடுத்தது லிஃப்ட்காரரே.

“மச்சான் வீடு மாத்தறான் சார். ரெண்டு நாள் போய்ட்டு வந்துடறேன்.”

“இந்த நேரத்துலயா?”

“முன்னாடின்னா போயிருக்க மாட்டேன். எத்தனை நாள் மிச்சம்னு எனக்கு மட்டும்தானே தெரியும், பயமா இருக்கும். இப்ப சுவத்துலயே இருக்கே.”

எங்கேயோ மறைவாக இருந்தவரை அந்த நாட்கள் பத்திரமாக இருந்தன.

*

இருபத்தெட்டாம் தேதி காலை லிஃப்ட் ஓடியது. லிஃப்ட்காரர் தனியாக ஏறி, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாகப் பன்னிரண்டு முறை போய் வந்தார். பழுப்புக் கதவு, உள்ளே கண்ணாடி. நான்காவது மாடியில் கதவு திறந்தபோது அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பால்கனிக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினாள். சித்தியின் டாக்ஸி மாலை ஐந்து மணிக்கு.

அண்ணன் அன்று விடுப்பு எடுத்திருந்தான். நல்ல சட்டையில் நின்று அட்டவணையில் முடிந்த வேலைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தான். அறுபத்திரண்டு அடித்தாயிற்று. ஒன்று மிச்சம். ஒரு ஓரத்தில் மெல்லிய நீலப் பட்டை: ‘ஆய்வாளருக்குத் தொலைபேசி. ஒரு மணி நேரம்.’

புது லிஃப்ட்டை அரசு ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தராமல் யாரையும் ஏற்றக் கூடாது. தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பு செயலாளருடையது. ஒரு மணி நேர வேலை, நீலம், எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அவர் முந்தின நாள் மதியம் செய்தார்.

“பேசிட்டேனே” என்றார் செயலாளர். “நல்ல மனுஷன். மூணாம் தேதி வர்றேன்னார்.”

“மூணாம் தேதியா?”

“கூப்பிட்டா ஒரு வாரம் ஆகுமாம். எல்லாருக்கும் அப்படித்தானாம். தம்பி, உங்க சார்ட்டுல ஒரு மணி நேரம்னுதானே போட்டிருக்கு?”

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசுவதற்கு ஒரு மணி நேரம் போட்டிருந்தான். அவர் வரும்வரை காத்திருக்கிற ஒரு வாரத்தைப் போடவில்லை. காத்திருக்கும்போது யாரும் எதுவும் செய்வதில்லை, அதனால் அது வேலைகளின் பட்டியலில் வரவில்லை.

பிற்பகல் மூன்றரை மணிக்கு அவசரக் கூட்டம் கூட்டினான். நான் கடையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கீழே அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

“லிஃப்ட்தான் ஓடுதே. அம்மாவை ஒரு தடவை மட்டும் இறக்கிடலாம். சாவி உங்கிட்டதானே இருக்கு?”

“முடியாது.”

“யாருக்கும் தெரியாது அண்ணா.”

“உனக்குப் புரியல. வேற யாரையாவதுன்னாக்கூட யோசிப்பேன். ஆய்வாளர் பாக்காத லிஃப்ட்ல அம்மாவை ஏத்த மாட்டேன்.”

லிஃப்ட்காரரும் தரையைப் பார்த்தார். “சார் சொல்றது சரிதான்மா. ஓடும், சந்தேகமில்ல. ஆனா காகிதம் வர்ற வரைக்கும் நானும் யாரையும் ஏத்தக் கூடாது.”

நான் மேலே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் புதுப் புடவை கட்டி, நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று பயந்தேன். கோபப்படுவாள் என்றாவது நினைத்தேன்.

“மூணாம் தேதி” என்று திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆக, இன்னிக்கு வராது. நிச்சயம்தானே?”

“நிச்சயம்மா.”

“பதினாலு மாசத்துல இப்பதான் இவங்க ஒரு விஷயத்தை நிச்சயமா சொல்றாங்க.” எழுந்தாள். “இங்கிருந்து கீழ எத்தனை படி?”

எனக்குத் தெரியவில்லை. தினமும் குறைந்தது இரண்டு முறை ஏறி இறங்குகிறவள் நான், ஒருநாளும் எண்ணியதில்லை. அம்மா கைபேசியை எடுத்து எதிர்வீட்டுக்குப் பேசினாள்.

“நான் இறங்கறேன்டி.”

சித்தியின் குரல் எனக்கும் கேட்டது. “லிஃப்ட் வந்துடுச்சா?”

“வரல.”

அந்தப் பக்கம் சூட்கேஸ் மூடும் சத்தம். பிறகு, “சரி, நானும் வர்றேன்” என்று கேட்டது. எங்கே சந்திப்பது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை இறக்கி, அதன் பக்கத்தில் இன்னொரு காலைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று. நான் அவளுக்கு ஒரு படி கீழே, பின்னோக்கி நடந்தபடி இறங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் ஓடிப்போய் யார் வீட்டுக் கதவையாவது தட்டி ஒரு நாற்காலி வாங்கிவந்து போட்டேன். அவள் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள், முழங்காலை இரண்டு கையாலும் தேய்ப்பாள், என்னைத் திட்டுவாள், எழுவாள். கீழிருந்து கூட்டத்தின் சத்தம் படிக்கட்டு வழியே மேலே வந்துகொண்டிருந்தது.

“ஆய்வாளரோட மேலதிகாரிகிட்ட பேசிப் பாக்கலாமா?”

“அதுக்கு யாரு பொறுப்பு?”

“முதல்ல பொறுப்பு யாருக்குன்னு ஒரு பட்டியல் போடுவோம்.”

பிறகு நடுவே சித்தியின் குரல் கேட்டது.

“கொஞ்சம் வழி விடுங்கப்பா. இங்க என்ன, வரிசையா?”

“லிஃப்ட் கூட்டம் சித்தி.” இது அண்ணன்.

“லிஃப்ட்டுக்கு வெளிய நின்னுட்டா? தள்ளு.”

“சித்தி, நீங்க ஏறக் கூடாது! டாக்டர்…”

“டாக்டர் உங்க கூட்டத்துல இருக்காரா? இல்லல்ல? தள்ளுடா.”

அம்மா கைப்பிடியில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். சிரிப்பில் உடம்பு குலுங்கியதால் அந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் ஆனது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சந்தித்தார்கள். அந்த மாடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். கதவை எப்போதும் திறந்துவைத்துத் தைப்பவர். சத்தம் கேட்டு வெளியே வந்து, இரண்டு பேரையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். சித்திக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. அம்மாவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்கால்கள் இடிக்கிற மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினார்கள்.

“முடியெல்லாம் இப்படி வெளுத்துப்போச்சா அக்கா? கீழ இருந்து பாத்தா கறுப்பாத்தானே தெரிஞ்சது?”

“அது கூரையோட நிழல். நீ ஏன்டி இவ்ளோ பெருத்துட்ட?”

“நேத்து வரைக்கும் பால்கனிக் கம்பி மறைச்சுது.”

“மருந்தெல்லாம் எடுத்து வச்சியா?”

“நேத்து ராத்திரி போன்லயே கேட்ட.”

“இப்ப நேர்ல கேக்கறேன். சொல்லு.”

சித்தி சொன்னாள். காலையில் எது, சாப்பாட்டுக்குப் பின் எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் அம்மாவுக்கு முன்பே தெரிந்ததுதான். அம்மா அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தையல்காரம்மாவின் வீட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். பொத்தான் டப்பாக்களை அவர் எனக்குக் காட்டினார், நானும் பார்த்தேன்.

அண்ணன் ஏறி வந்தபோது நாலே கால் ஆகியிருந்தது. கையில் பொறுப்புப் பட்டியல். இரண்டு நாற்காலிகளையும் பார்த்தான், மேலே போகும் படியைப் பார்த்தான்.

“அம்மா, நீ எப்படி வந்த?”

“நடந்து.”

“எவ்ளோ நேரம் ஆச்சு?” இந்தக் கேள்வி என்னிடம்.

“இருபத்தஞ்சு நிமிஷம். நாற்காலியில உக்காந்ததையும் சேத்து.”

அவன் உதடுகள் அசைந்தன. அறுபத்து மூன்று வேலைகளில் எதுவும் இருபத்தைந்து நிமிடத்தில் முடிவதாக இல்லை. இதைத் தான் ஏன் ஒருமுறைகூட மதிப்பிட்டுப் பார்க்கவில்லை என்று தேடினான் போலிருந்தது.

“நிக்காத, கால் வலிக்கும். உக்காரு” என்றாள் சித்தி.

அவன் படியில் உட்கார்ந்தான். பட்டியலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான், பிறகு தனக்கு அடியில் போட்டுக்கொண்டான். படி தூசியாக இருந்தது. சித்தி அவன் தலையில் கை வைத்துவிட்டு, அம்மாவிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மருந்து முடிந்து, அங்கே குளிருக்கு எத்தனை கம்பளி என்ற பேச்சுக்கு வந்திருந்தார்கள்.

ஐந்து மணிக்கு டாக்ஸி ஒலி எழுப்பியது. சித்தி எழுந்தாள். அம்மா உட்கார்ந்தபடியே இருந்தாள், அவளால் எழ முடியவில்லை. சித்தி குனிந்து அம்மாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். அண்ணன் சித்தியின் முழங்கையைத் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனான். அவர்கள் இறங்கி முடிக்க வெகுநேரம் ஆனது. டாக்ஸி இரண்டு முறை ஒலி எழுப்பியது. அவன் அவசரப்படவில்லை என்பது படிச் சத்தத்திலேயே தெரிந்தது.

*

இனி அம்மாவால் மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. தையல்காரம்மா தன் உள்ளறைக் கட்டிலில் துணிகளை ஒதுக்கி இடம் செய்தார். “மூணாம் தேதி வரைக்கும்தானே” என்றார்.

நான் காலையும் மாலையும் சாப்பாடு கொண்டுபோனேன். மூன்றாம் நாள் போனபோது அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்ததால் கட்டடத்தில் ஏறி இறங்கிய எல்லாரும் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். செயலாளர்கூட மடக்கு நாற்காலியோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பதினான்கு மாதங்களில் அம்மா பார்த்த மனிதர்களைவிட அந்த ஆறு நாளில் பார்த்தவர்கள் அதிகம். அண்ணன் தினமும் வேலை முடிந்து வந்ததும் அங்கேதான் முதலில் போவான். நாள் எண்ணிக்கையை அவளிடம் சொல்வான். அவள் ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொல்வாள்.

மூன்றாம் தேதி ஆய்வாளர் வந்தார். மேலே போனார், கீழே வந்தார், எதையோ தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அண்ணன் கடைசி நீலப் பட்டையை அடித்தான். செயலாளர் கைதட்டினார். முதல் பயணம் அம்மாதான் செய்ய வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. ஆய்வாளரும் செயலாளரும் அண்ணனும் லிஃப்ட்காரரும் உள்ளே ஏறி இரண்டாம் எண்ணை அழுத்தினார்கள். நான் முன்கூட்டியே படியேறி இரண்டாவது மாடிக்கு வந்து நின்றேன்.

கதவு திறந்தது. நாலு பேரும் வரிசையாக நின்று, திறந்த வாசல் வழியே தையல்காரம்மாவின் வீட்டுக்குள் பார்த்தார்கள்.

“அம்மா, வா” என்றான் அண்ணன்.

அம்மா தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பல்லுக்கிடையில் நூல். தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசி. அந்த ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது, சித்தி எழுந்ததும் அழைத்திருந்தாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரே வீடே இல்லை, வெறும் மரம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா எங்களைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள், கொஞ்சம் இரு என்பதுபோல.

அவர்கள் இருந்தார்கள். ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். “என்ன மரம்?” என்று அம்மா கேட்டாள். சித்திக்குப் பெயர் தெரியவில்லை போலிருக்கிறது, இலை எப்படி இருக்கும், பட்டை எப்படி இருக்கும் என்று விவரிக்கத் தொடங்கினாள். அதற்குள் பழுப்புக் கதவு தானாகவே மெல்ல நகர்ந்து, நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாக மறைத்து மூடிக்கொண்டது. யாரோ கீழிருந்து பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். லிஃப்ட் சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது.